எனக்கு முன்னால் கிளம்பிப்போன பை

சந்து முனையில் திரும்பியதும் பெரியப்பா எதிரே வந்தார். தலையில் வெள்ளை மூட்டை. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பெரியப்பாவின் தலைமேல் ஒரு வெள்ளை மூட்டை இருந்துகொண்டுதான் இருக்கிறது. மட்டாஞ்சேரியில் பாதிப் பேருடைய வேட்டியும், லாட்ஜுகளின் படுக்கை விரிப்பும் அந்தத் தலையில் ஏறி இறங்கியிருக்கின்றன.

ஆனால் அன்றைய மூட்டையின் அடியில் ஒரு சின்னச் சக்கரம் எட்டிப் பார்த்தது.

வேட்டிக்கும் படுக்கை விரிப்புக்கும் சக்கரம் கிடையாது. அது என்னுடைய பை. உள்ளே என் பாஸ்போர்ட், விமானி லைசன்ஸ், மருத்துவச் சான்றிதழ், பறந்த நேரத்தையெல்லாம் பதிந்துவைத்த லாக்புக், காதில் மாட்டும் ஹெட்செட் எல்லாம் இருந்தன. நான் ஒரு விமானி என்பதற்கு உலகத்தில் உள்ள மொத்த அத்தாட்சியும் வெளுத்த விரிப்பில் கட்டப்பட்டு, பெரியப்பாவின் தலையில் ஏறி, மேற்கே போய்க்கொண்டிருந்தது.

"பெரியப்பா, எங்க..."

"வாயை மூடுடா! நல்ல காரியத்துக்குப் போறவனை எங்கன்னு கேப்பியா? நீயெல்லாம் என்னத்தைப் படிச்சே?"

நான் வாயை மூடினேன். அவர் போய்விட்டார்.

மறுநாள் நடுப்பகலில் எனக்கு இன்டர்வியூ. வளைகுடா விமான நிறுவனம் ஒன்று வீடியோவில் என்னோடு பேசுவதாகச் சொல்லியிருந்தது. மாதக்கணக்கில் விண்ணப்பம் போட்டதில், முதன்முதலாக ஒரு மனித முகம் என்னைப் பார்க்க ஒப்புக்கொண்டிருந்தது.

மரியாதையாகப் பதில் எழுதுகிறவர்

போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். நான் துணை விமானியாக வேலை பார்த்த சின்ன நிறுவனம் ஒரு நாள் காலை விமானங்களைத் தரையில் நிறுத்தியது. அப்புறம் எடுக்கவே இல்லை. படிக்காதவர்களுக்கும் இவ்வளவு தெரிந்தால் போதும்.

விமானிக்கு வேலை போனால் வேலை மட்டும் போவதில்லை. பறக்காமல் இருக்க இருக்க, கையிலிருக்கும் லைசன்சும் மெல்ல மெல்லச் செத்துக்கொண்டு வரும். குறிப்பிட்ட காலத்துக்குள் இத்தனை முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்பது விதி. நான் மொட்டை மாடிக்கு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

உள்ளூரில் என்னைப்போல நின்றுகொண்டிருந்தவர்களின் வரிசை நீளமாக இருந்தது. அதனால் வெளிநாடு. ஒவ்வொரு நிறுவனத்தின் இணையப் பக்கத்திலும், பிறந்த ஊரிலிருந்து தொடங்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து நிரப்ப வேண்டும். நிரப்பிப் பொத்தானை அழுத்தினால், சாயா ஆறுவதற்குள் பதில் வந்துவிடும். தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, தங்கள் விவரங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறோம், எதிர்காலத்தில் தங்களுக்கு எல்லா நலமும் உண்டாகட்டும்.

அம்மாவுக்கு இந்தப் பதில்கள் மிகவும் பிடித்திருந்தன.

"நேத்து எழுதினவர்தானாடா இன்னிக்கும் எழுதியிருக்கார்?"

"அது ஆள் இல்லம்மா. மிஷின்."

"மிஷினா இருந்தா என்ன? எவ்வளவு மரியாதையா எழுதுது! உங்க பெரியப்பா ஒரு நாள் இப்படிப் பேசியிருப்பாரா?"

நியாயமான கேள்விதான்.

இதற்கிடையில் மருத்துவப் பரிசோதனையைப் புதுப்பித்துக்கொண்டேன். எனக்கு இங்கிலீஷ் பேச வரும் என்பதற்கு ஒரு சான்றிதழ் வாங்கினேன். விமானத்தின் மின்சாரம், எரிபொருள், இறக்கையில் பனி படிந்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் மனப்பாடம் பண்ணி, மாடியில் காயும் விரிப்புகளிடம் ஒப்பித்தேன். இறக்கையில் பனி படிவதைப் பற்றி மட்டாஞ்சேரியில் காதுகொடுத்துக் கேட்டவை அந்த விரிப்புகளாகத்தான் இருக்கும்.

சீருடைகளை மட்டும் பார்த்தவர்கள்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். எனக்கு முந்தியவர்களுக்கும் பள்ளிக்கூடம் தெரியும், சீருடை வழியாக. எந்தப் பள்ளிக்கு எந்த நீலம், எந்தப் பையன் மைக்கறையோடு வருவான், யார் வீட்டில் ஒரே சட்டையை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள் என்பதெல்லாம் பெரியப்பாவுக்கு அத்துப்படி. அந்தச் சட்டைகளைப் போட்டுக்கொண்டு உள்ளே போய் என்ன செய்கிறார்கள் என்பதுதான் தெரியாது.

தமிழ்நாட்டிலிருந்து துணி வெளுக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். வந்து எத்தனை தலைமுறை ஆயிற்று என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். பஸ் பலகையை இன்றைக்கும் மலையாளத்தில்தான் வேகமாகப் படிப்பேன். இந்தத் தொடரையே, எழுதியதை அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டி, அவர் சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்தால் திருத்திவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

துணி காயப்போடும் திடலில் எங்களுக்கு கிளிப் கிடையாது. இரட்டைக் கயிற்றை முறுக்கிக் கட்டி, அந்த முறுக்குக்குள் துணியின் முனையைச் செருகிவிடுவோம். எவ்வளவு காற்று அடித்தாலும் பறக்காது. உப்பங்கழிக் காயலுக்கு அந்தப் பக்கம் உள்ள தீவிலிருந்து கடற்படை விமானங்கள் அந்தக் கயிறுகளுக்கு மேலே தாழ்வாக ஏறிப் போகும். துணி பறந்துவிடாமல் செருகிக்கொண்டே, பறப்பதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். விமானியாகும் ஆசை எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் இதைவிடப் பெரிய கதை இல்லை. பிறகு ஓர் அரசு உதவித்தொகை கிடைத்தது. வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளி. அங்கே சொல்லிக்கொடுக்கும் கேப்டனின் சட்டையைவிட என் சட்டை மொடமொடவென்று இருக்கும்.

வீட்டில் கடைசி வார்த்தை பெரியப்பாவுடையது. முதல் வார்த்தையும். அப்பா அவருக்குத் தம்பி. அண்ணன் எதிரில் அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தேய்ப்புப் பெட்டியில் சூடு ஏறிவிட்டது என்று அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் "எடு" என்று அண்ணன் சொல்லும்வரை எடுக்க மாட்டார். விரிப்பு கருகும். பிறகு இருவரும் சேர்ந்து போய் லாட்ஜ்காரரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வருவார்கள்.

பயிற்சிப் பள்ளியில் விமான விபத்து அறிக்கைகளைப் படிக்கச் சொன்னார்கள். மூத்தவர் தவறு செய்கிறார், அருகிலிருப்பவருக்குத் தெரிகிறது, ஆனால் சொல்லவில்லை. மற்ற மாணவர்கள் அதிர்ச்சியடைந்தார்கள். எனக்குச் சொந்த வீட்டுக்குத் திரும்பி வந்ததுபோல இருந்தது.

கலூரில் கிடைத்த சம்பவம்

கலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் விமானி இன்டர்வியூவுக்கு வகுப்பு நடக்கிறது. நடத்துபவர் ரெஜி சார். ஒரு காலத்தில் விமான நிறுவனமொன்றில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தவர். படகில் அக்கரை போய், அங்கிருந்து பஸ் பிடித்து அவரிடம் போய்வந்தேன்.

எந்த நாட்டு நிறுவனமாக இருந்தாலும் ஒரு கேள்வி கட்டாயம் வரும் என்றார் அவர். 'உங்களைவிட மூத்தவர் ஒருவரை நீங்கள் எதிர்த்துப் பேசிய சம்பவம் ஒன்றைச் சொல்லுங்கள்.'

காக்பிட்டில் இதற்கு மூன்று படிகள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். முதலில் கேள்வியாகக் கேட்க வேண்டும். சரிவரவில்லை என்றால் ஆபத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அதுவும் பலிக்கவில்லை என்றால், "ஐ ஹாவ் கன்ட்ரோல்" என்று சொல்லி விமானத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். கேள், சொல், எடு.

என்னிடம் சம்பவம் இல்லை. என்னோடு பறந்த கேப்டன்கள் எல்லாருமே ஜாக்கிரதையான மனிதர்கள். எனக்காக ஒரு சின்னத் தவறு செய்யக்கூட ஒருவரும் முன்வரவில்லை.

"ஒண்ணுமே இல்லையா?" என்றார் ரெஜி சார், பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலும். "வீட்டில? காலேஜில? ஆரோடும் ஒரு தர்க்கம் கூட வந்தில்லே?"

"வீட்ல பெரியப்பா இருக்கார் சார்."

"அவரோட தர்க்கம் பண்ணியிருக்கியா?"

"இல்ல சார். அவர் இருக்கார். அதான் தர்க்கம் இல்ல."

"பெஸ்ட்!" என்றார்.

அவரிடம் தயாராக ஒரு சம்பவம் இருந்தது. தரையிறங்கும்போது கேப்டன் வேகத்தைக் குறைக்காமல் வருகிறார். துணை விமானி கேட்கிறார், சொல்கிறார், கடைசியில் இறங்காமல் மறுபடி மேலே ஏறிச் சுற்றிவரச் செய்கிறார். கீழே இறங்கியதும் கேப்டன் கைகுலுக்கி நன்றி சொல்கிறார். ஊரையும் மழையையும் மட்டும் மாற்றிக்கொண்டு வகுப்பில் அத்தனை பேரும் இதைத்தான் ஒப்பித்துக்கொண்டிருந்தோம். என் பங்குக்கு மங்களூரும் இடியும் கிடைத்தன.

ராகு எந்த ஊர் நேரம் பார்ப்பார்?

பை மேற்கே போன அன்று நான் கடைசி வகுப்புக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். அதற்குள் அம்மா, ஆர்வத்தில், இன்டர்வியூ நேரத்தைப் பெரியப்பாவிடம் சொல்லியிருக்கிறார். புதன்கிழமை, பகல் பன்னிரண்டரை. பெரியப்பா காலண்டரைப் பார்த்திருக்கிறார். சரியான ராகுகாலம்.

அவர் கலங்கவில்லை. இதற்கு அவரிடம் வழி இருந்தது. நல்ல நேரத்தில் கிளம்ப முடியாதவர்கள், அதற்கு முன்பே ஒரு நல்ல நேரம் பார்த்துத் தங்கள் சாமான் ஒன்றை, போகிற திசையிலுள்ள வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பரஸ்தானம் என்று பெயர். சாமான் கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் எந்த நேரத்தில் புறப்பட்டாலும் தோஷமில்லை. ஒரே நிபந்தனை, வைத்த சாமான் வீட்டுக்குத் திரும்பி வரக் கூடாது. வந்தால் காரியமும் திரும்பிவிடும்.

இது எங்கள் குடும்பத்துப் பழக்கம்கூட இல்லை. துணி எடுக்கப் போன வீடுகளில் பெரியப்பா பார்த்து எடுத்துக்கொண்டது. அந்த வீடுகளின் துணிகளை எல்லாம் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இதை மட்டும் கொடுக்கவில்லை.

மாலையில் அவர் சாயா குடிக்கும் நேரம் பார்த்துப் பக்கத்தில் போய் நின்றேன்.

"பெரியப்பா, நாளைக்கு நான் எங்கயும் போகல. மாடியில உக்காந்துதான் பேசப்போறேன்."

"வேலை எங்கடா? கல்ஃப்லதானே?"

"ஆமா."

"கல்ஃப் எந்தப் பக்கம்?"

"மேற்கே."

"அதான் மேற்கே வெச்சிருக்கேன். நபீசா வீட்டுல."

நபீசா இத்தா, அதாவது நபீசா அக்கா, கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி செய்து கொடுப்பவர். எங்கள் பின்சுவரும் அவருடைய பின்சுவரும் ஒன்று. வாசல் மட்டும் அடுத்த சந்தில். அவர் வீட்டுக்கும் மேற்கே போனால், கொஞ்ச தூரத்தில் கடல்.

"அவங்க ஊர்ல அப்ப மணி பதினொண்ணுதான் பெரியப்பா. அங்க ராகுகாலமே ஆரம்பிச்சிருக்காது."

"நீ இருக்கிறது எங்க?"

"மட்டாஞ்சேரி."

"அப்ப ராகுவும் மட்டாஞ்சேரிலதான் இருப்பான். மனசிலாயோ?"

உலகம் முழுக்க விமானிகள் ஒரே கடிகார நேரத்தைத்தான் பயன்படுத்துகிறோம், குழப்பம் வரக் கூடாது என்பதற்காக. ராகுவையும் அதில் சேர்த்துக்கொள்ளாமல் விட்டது பெரிய பிழை.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று இருந்தது. அசல் பாஸ்போர்ட்டும் லைசன்சும் கையில் இருக்க வேண்டும், காமிராவில் காட்டச் சொல்வோம் என்று அவர்கள் மின்னஞ்சலில் தெளிவாக எழுதியிருந்தார்கள். ஆனால் பெரியப்பாவின் முகத்தில் அப்படியொரு திருப்தி. மருமகளுக்கு வளைகாப்பு நடத்தி முடித்தவரைப்போல உட்கார்ந்திருந்தார்.

"சரி பெரியப்பா" என்றேன்.

கேள், சொல்

புதன்கிழமை காலை, தேய்ப்பு மேஜைக்கு எதிரே போய் நின்றேன். ஒரு பக்கம் பெரியப்பா, மறு பக்கம் அப்பா. நடுவில் லாட்ஜ் விரிப்பு. கஞ்சி வாசனையும் சுடுதுணி வாசனையும்.

முதல் படி. கேள்வியாகக் கேட்டேன்.

"பெரியப்பா, அந்தப் பை அங்க பத்திரமா இருக்குமா?"

"உன்னைவிடப் பத்திரமா இருக்கு."

இரண்டாம் படிக்கு நான் கொஞ்சம் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

"பை வேணும் பெரியப்பா. பாஸ்போர்ட்டைக் காட்டலேன்னா அவங்க பேசவே மாட்டாங்க. இன்டர்வியூ போயிடும்."

பெரியப்பா விரிப்பைத் திருப்பிப் போட்டார்.

"போன்ல போட்டோ வெச்சிருக்கேல்ல? அதைக் காட்டு."

"அசலைத்தான் காட்டணும்."

"அசல் கிளம்பிடுச்சுடா. கிளம்பினது திரும்பாது."

அப்பா நிமிரவில்லை. ஏற்கெனவே தண்ணீர் தெளித்த விரிப்பின் மேலேயே மறுபடி தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் படி, எடுப்பது. பின்பக்கமாக நழுவி அடுத்த சந்துக்குப் போனேன். நபீசா இத்தாவின் வீட்டில் பெரிய செம்பு அண்டாவில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. முன்னறையில், பாயின் மேல், என் பை. சுற்றிலும் வெள்ளை விரிப்பு, மேலே பெரியப்பாவின் முடிச்சு.

"தொடப்படாது மோனே" என்றார் இத்தா, அகப்பையோடு. "உன் பெரியப்பா எங்கிட்ட வாக்கு வாங்கிட்டுப் போயிருக்கு. இந்தக் கட்டு உங்க வீட்டுக்குத் திரும்பிப் போகப்படாதுன்னு. ஞான் வாக்கு மாறமாட்டேன், கேட்டோ."

"இத்தா, என் வேலையே போயிடும்."

இத்தா வெங்காயத்தை ஒருமுறை புரட்டினார். யோசித்தார்.

"கட்டு அங்க வரப்படாது. சரி. நீ இங்க வரப்படாதுன்னு ஆராவது சொன்னாங்களா?"

சொல்லவில்லை. நான் ஓடிப்போய் லேப்டாப்பை எடுத்து வந்தேன். அம்மா டையை என் சட்டைப்பையில் திணித்தார். யாரையும் எதிர்க்காமல், மூன்றாம் படியில் ஏறாமல், பக்கவாட்டில் இறங்கித் தப்பித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

முடிச்சு

முடிச்சை நான் அவிழ்க்கவில்லை. ஒருவேளை கேட்காமல் விட்டுவிட்டால்? அந்த நப்பாசையில் மூட்டையை அப்படியே பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இடுப்புக்கு மேலே வெள்ளைச் சட்டையும் டையும், கீழே கைலி.

திரையில் இருவர் வந்தார்கள். ஒரு பெண் அதிகாரி, நரைத்த தலையுடன் ஒரு கேப்டன். வணக்கம் சொல்லி முடித்ததும் அந்தப் பெண் சொன்ன முதல் வாக்கியம்: "தயவுசெய்து உங்கள் பாஸ்போர்ட்டையும் லைசன்சையும் காட்டுங்கள்."

"ஒரு நிமிஷம்" என்றேன்.

பெரியப்பாவின் முடிச்சு, ஊர் முழுக்க அலைந்தாலும் அவிழாமல் இருப்பதற்காகப் போடப்படுவது. நகத்தால் முயன்றேன். பல்லால் முயன்றேன். திரையில் இருவரும் ஒரு விமானி ஒரு வெள்ளை மூட்டையைக் கடிப்பதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் வாசலில் குரல்.

"டேய்! அவுக்காதேடா! ராகுகாலம்டா!"

மாடியில் என்னையும் லேப்டாப்பையும் காணவில்லை என்று தேடிக்கொண்டு பெரியப்பா வந்துவிட்டார். எனக்குப் பின்னால், காமிராவுக்கு நேர் எதிரே, தோளில் துண்டோடு நின்றார். கையை நீட்டி மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தார். மறு முனை என் பல்லில் இருந்தது.

எனக்கு விபத்து அறிக்கைகள் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. கருகின விரிப்பின் வாசனைதான் வந்தது. அது இத்தாவின் வெங்காயமாகவும் இருக்கலாம்.

"பெரியப்பா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இது இப்ப என் கையில. விடுங்க. நீங்க உக்காருங்க."

பெரியப்பா என்னைப் பார்த்தார். இருபத்தைந்து வருஷமாகத் தன் வீட்டில் இருந்தவனை அப்போதுதான் யாரோ கொண்டுவந்து விட்டதுபோலப் பார்த்தார். பிறகு முனையை விட்டார். பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

இழுப்பு தளர்ந்ததும் முடிச்சு அவிழ்ந்தது. பாஸ்போர்ட்டைக் காட்டினேன். லைசன்சைக் காட்டினேன். அந்தப் பெண் குறித்துக்கொண்டார். என்ன குறித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இறக்கையில் பனி படிவது பற்றிக் கேட்டார்கள். விரிப்புகளிடம் ஒப்பித்ததை அப்படியே ஒப்பித்தேன். பிறகு கேப்டன் முன்னால் சாய்ந்து, நான் எதிர்பார்த்த அந்தக் கேள்வியைக் கேட்டார். மூத்தவர் ஒருவரை எதிர்த்துப் பேசிய சம்பவம்.

"ஒரு முறை மங்களூரில் தரையிறங்கும்போது, இடியோடு மழை..." என்று தொடங்கினேன். கேப்டன் மெல்லப் பின்னால் சாய்ந்தார். அந்த மழையில் அவர் ஏற்கெனவே பலமுறை நனைந்திருப்பார் போல.

நிறுத்தினேன். பெரியப்பா மூலையில் உட்கார்ந்திருந்தார். அவிழ்ந்த விரிப்பை எடுத்து, மடியில் வைத்து, பழக்கத்தில் கை தானாக அதை மடித்துக்கொண்டிருந்தது.

"மன்னிக்கவும் சார். அந்தச் சம்பவம் வேண்டாம். உண்மையில், சற்று முன்னால்தான் நடந்தது. நீங்களே பார்த்தீர்கள்."

"அவர் யார்?"

"எங்கள் வீட்டு கேப்டன்."

மூட்டை ஏன் கிளம்பியது, ஏன் திரும்பக் கூடாது என்பதை எல்லாம் சொன்னேன். ராகுவுக்கு இங்கிலீஷில் வார்த்தை கிடைக்காமல், 'அனுமதியில்லாத நேரம்' என்றேன். விமானத்துறையில் அது எல்லாருக்கும் புரிகிற விஷயம். கேப்டன் சிரிக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"மறுபடி இப்படி நடந்தால், எதை மாற்றிச் செய்வீர்கள்?"

ரெஜி சாரின் வகுப்பில் இதற்குப் பதில் இல்லை. கேப்டன் கைகுலுக்கியதோடு அங்கே கதை முடிந்துவிடும்.

"நேற்று மாலையே சொல்லியிருப்பேன் சார். அப்போது அவர் சாயா குடித்துக்கொண்டிருந்தார். சொல்ல நல்ல நேரம் அதுதான். இன்றைக்கு உறுதியாகச் சொன்னபோது எங்கள் இருவரிடமும் ஆளுக்கொரு முனை இருந்தது."

அதற்குப் பிறகு

பெரியப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். திட்டவும் இல்லை. என் சட்டைகள் மட்டும், ஊரிலேயே சிறந்த தேய்ப்புக்காரரின் வீட்டில், கசங்கியபடி கொடியில் தொங்கின.

அன்று சாயங்காலமே அப்பா என்னை மாடிக்குக் கூப்பிட்டார். காயும் விரிப்புகளுக்கு நடுவே நின்றுகொண்டு, கீழே ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"அண்ணன்கிட்ட என்னடா சொன்னே?"

சொன்னேன்.

"விடுங்கன்னா சொன்னே?"

"ஆமாப்பா."

"உக்காருங்கன்னும் சொன்னியா?"

"சொன்னேன்."

"உக்காந்தாரா?"

"உக்காந்தார்."

அப்பா கயிற்றின் முறுக்கைத் தடவினார். "சரி, சொன்னதை இன்னொரு தரம் சொல்லு" என்றார். சொன்னேன். துணி எடுக்கிறவர்போலத் திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்புத்தான் என்று நினைக்கிறேன்.

இன்டர்வியூ எப்படிப் போனது என்று ரெஜி சாரும் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். தப்புப் பண்ணிவிட்டேன். கலூர் வகுப்பில் இப்போது எல்லாருக்கும் ஒரு பெரியப்பா இருக்கிறாராம். ஒருவனுடைய பெரியப்பா களமசேரியில் இருக்கிறார், இன்னொருவனுடையவர் பள்ளுருத்தியில். மூட்டைக்குப் பதில் பெட்டி.

கடைசியாக ஒரு மின்னஞ்சல் வந்தது. இந்தத் தடவை எழுதியது மிஷின் இல்லை. சிமுலேட்டரில் ஓட்டிக் காட்ட அவர்கள் ஊருக்கே நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு மட்டும் சின்ன வருத்தம், பழைய ஆள் அளவுக்கு இவர் மரியாதையாக எழுதவில்லையாம்.

பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால், காலையில், பெரியப்பா என் முன்னால் வந்து நின்றார். கையில் வெளுத்த புது விரிப்பு. தரையில் விரித்தார். என் பையைத் தூக்கி நடுவில் வைத்தார். முனைகளைச் சேர்த்துப் பிடித்தவர், முடிச்சுப் போடாமல் நின்றார்.

என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"இதுல உனக்கு இப்ப வேண்டியது ஏதாவது இருக்கா?"

எதிரே அப்பாவின் தேய்ப்புப் பெட்டி அந்தரத்தில் நின்றது. பெரியப்பா எவரிடமும் என்ன வேண்டும் என்று கேட்டு நாங்கள் பார்த்ததில்லை.

"பாஸ்போர்ட்" என்றேன்.

பையைத் திறந்து எடுத்தார். விரிப்பின் ஓரத்தில் ஒரு துடை துடைத்துக் கொடுத்தார். "வேற?"

"லைசன்ஸ்."

"வேற?"

"மெடிக்கல். லாக்புக். டிக்கெட்."

"அந்தக் காதுல மாட்டறது?"

"அதுவும் வேணும்."

ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சட்டைகளையும் எடுத்தார், கசங்கியிருக்கின்றன, தேய்க்க வேண்டும் என்றார். கடைசியில் உள்ளே ஒரு துண்டும் ஒரு ஜோடி சாக்ஸும் மிஞ்சின.

"இது?"

"இது இருக்கட்டும் பெரியப்பா."

அவர் தலையாட்டினார். விரிப்பின் முனைகளைச் சேர்த்து இழுத்து, ஊர் முழுக்க அலைந்தாலும் அவிழாத அந்த முடிச்சைப் போட்டார். காலண்டரை ஒருமுறை பார்த்தார். மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டார்.

எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. உள்ளே இருப்பது ஒரு துண்டும் சாக்ஸும்தான் என்று தெரிந்தும், கழுத்தை நிமிர்த்தி, ஒரு கையால் தாங்கிப் பிடித்து, கனமான மூட்டையைச் சுமக்கிறவரின் நடையிலேயே பெரியப்பா மேற்கே போனார்.